கை விட்ட பிறகும் சாத்திக்கொள்ளும் கதவு

ஃப்ரிட்ஜ் கதவை நான்கு விரற்கடை அளவுக்குத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். சரியாக நிறுத்திவைத்த ஃப்ரிட்ஜ் என்றால் கதவு மெல்லப் பின்வாங்கி, ரப்பர் விளிம்பு பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி ஓரிரு சென்டிமீட்டரில் இழுத்துக்கொள்வது ரப்பருக்குள் ஓடும் காந்தப் பட்டை. அதுவரை கதவை நகர்த்தியது எது? பெட்டியை நிறுத்தியவர் முன்கால்களைத் திருகி முகப்பைச் சற்றே தூக்கி வைத்திருப்பார். அந்தச் சாய்வு கதவைப் பின்னால் தள்ளுகிறது. பல மாடல்களில் கீலுக்குள்ளேயும் ஒரு சரிவு வைத்திருப்பார்கள்.

அதே வீட்டில் மற்ற கதவுகள் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. ஏ.சி. ஓடும் அறையின் குளிர் கூடத்துக்குப் போகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் கொசுவலைக் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. தவழும் குழந்தை மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறது. ‘கதவைச் சாத்திட்டுப் போ’ என்று யாராவது ஒருவர் நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஒரு கதவைத் தானாகச் சாத்தவைப்பது கடினமே அல்ல. ஐம்பது கிராம் இரும்புச் சுருள் ஒன்று போதும். கடினமான காரியங்கள் வேறு இரண்டு: அறையாமல் மெதுவாகச் சாத்தவைப்பது, கடைசி அங்குலத்தில் நின்றுவிடாமல் தாழ் விழும்வரை சாத்தவைப்பது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை. வேகத்தைக் குறைத்தால் தாழ் விழாது. தாழ் விழ வேகம் கூட்டினால் விரல் நசுங்கும். நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் தீர்த்துவந்திருப்பது இந்த முரண்பாட்டைத்தான்.

சக்தி யாருடையது?

கையால் திறந்து, மின்சாரம் இல்லாமல் சாத்திக்கொள்ளும் எந்தக் கதவும், திறந்தவரின் கையிலிருந்தே சக்தியைப் பெறுகிறது. திறக்கும்போது நாம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுகிறோம். அந்தக் கூடுதல் உழைப்பு உயர்ந்த எடையாகவோ முறுக்கிய சுருளாகவோ சேமிக்கப்படுகிறது. கையை எடுத்ததும் அது திரும்ப வருகிறது. ஆகவே, கதவு சாத்தும் கருவி எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். சக்தியை எதில் சேமிக்கிறது? அதை எவ்வளவு நிதானமாகச் செலவழிக்கிறது? கடைசி அங்குலத்துக்கு என்ன மிச்சம் வைக்கிறது?

சேமிப்புக்கு மிகப் பழைய வழி, தொங்கும் எடை. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன், பலிபீடத்தில் தீ மூட்டினால் திறக்கும் கோயில் கதவு ஒன்றை விவரித்திருக்கிறார். தீயின் சூட்டில் காற்று விரிந்து, அடியில் உள்ள கலத்தின் தண்ணீரை ஒரு தொங்கும் வாளிக்குள் தள்ளும். கனத்த வாளி கீழிறங்கும்போது கயிறுகள் இழுபட்டுக் கதவு திறக்கும். தீ அணைந்தால் காற்று சுருங்கும், தண்ணீர் கலத்துக்குத் திரும்பும், வாளி லேசாகும். அப்போது எதிர்ப்பக்கம் கட்டித் தொங்கவிட்ட எடை கதவைச் சாத்தும். அந்தக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. குடுமிகள் தரைக்கடியில் நீண்டிருக்க, கயிறு அவற்றில் சுற்றியிருந்தது. நம் பழைய கோயில்களிலும் கதவு இப்படிக் கல் குழியில் குடுமி ஊன்றிச் சுழல்வதைப் பார்க்கலாம். ஹெரோன் வழியில் ஒரு கயிறு, ஒரு கப்பி, ஒரு கல் இருந்தால் இன்றும் தோட்டத்துக் கதவைச் சாத்தவைக்கலாம்.

சாய்வின் கணக்கு

தனியே எடை கட்டத் தேவையில்லாமல் கதவின் சொந்த எடையையே வேலை வாங்குவது அடுத்த வழி. தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்திய நிலையில் கதவு எந்தக் கோணத்திலும் அப்படியே நிற்கும். மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பதால், திறந்தாலும் மூடினாலும் கதவின் எடை மையம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அந்தக் கோடு துளி சாய்ந்தால் கதை மாறிவிடும். ஏதோ ஒரு கோணத்தில் எடை மையம் மிகத் தாழ்ந்திருக்கும். கதவு அந்த இடத்தைத் தேடிப் போகும். வீட்டில் ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டால், முதலில் ரசமட்டத்தை எடுத்து நிலையைச் சோதிக்க வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. மேல் கீல் பூட்டுப் பக்கமாகச் சாய்ந்தால், கதவு 90 டிகிரி திறந்திருக்கும்போது சாத்தும் விசை உச்சத்தில் இருக்கும். மூட மூடக் குறைந்து, மூடும் இடத்தில் பூஜ்யமாகிவிடும். கதவு நிலை வரைக்கும் வந்து தாழ் விழாமல் நின்றுவிடும். அதோடு பூட்டுப் பக்கத்து முனையும் தொங்கும்; 90 சென்டிமீட்டர் அகலக் கதவில் ஒரு டிகிரி சாய்வுக்கே கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் இறக்கம். தரையைத் தேய்த்துவிடும்.

மாறாக, கதவு திறக்கும் திசைக்கு எதிர்த்திசையில் மேல் கீலைச் சாய்த்தால், மூடும் இடத்தில்தான் விசை மிக அதிகம். திறக்கத் திறக்கக் குறைந்து 90 டிகிரியில் பூஜ்யமாகும். அதைத் தாண்டினால் கதவு மறுபக்கம் போய்த் திறந்தே நிற்கும். ஃப்ரிட்ஜின் முன்கால்களை உயர்த்துவது இந்த இரண்டாம் வகைச் சாய்வு. தோட்டத்து கேட் செய்பவர்கள் இரண்டையும் கலப்பார்கள். கீழ்க் கீலை இருபுறமும் சற்றுத் தள்ளி வைத்தால், திறந்த நிலையில் ஒரு சாய்வும் மூடும் நிலையில் மற்றதும் கைகொடுக்கும்.

விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இந்த முறையின் எல்லை தெரிந்துவிடும். 30 கிலோ கதவு, ஒரு டிகிரி சாய்வு. கைப்பிடி இருக்கும் இடத்தில் கிடைக்கும் அதிகபட்ச விசை, கால் கிலோ எடையை விடச் சற்றே கூட. எண்ணெய் விட்ட கீலுக்கு இது போதும். ஆனால் காற்றுக்கு எதிரே நிற்காது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் கடற்காற்று, ஒரு முழுக் கதவின் மேல் கிட்டத்தட்ட மூன்று கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். கைப்பிடியில் அது ஒன்றரைக் கிலோ. சாய்வின் விசையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இதே ஈர்ப்பு விசையை இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்துவது ‘ரைசிங் பட்’ என்ற கீல். அதன் இரண்டு உருளைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் முகம் தட்டையாக இல்லாமல் திருகு போல் சரிந்திருக்கும். திறக்கும்போது கதவு அந்தச் சரிவில் ஏறும். விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கால் வட்டத்துக்கு 12 மில்லிமீட்டர் ஏறும் கீல் என்றால், 30 கிலோ கதவில் மூன்றரை ஜூல் சக்தி சேமிக்கப்படுகிறது. சரிவு ஒரே சீராக இருப்பதால் விசையும் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு. கதவு தானே உயர்வதால் விரிப்பில் உரசுவதும் இல்லை. ஆனால் கீல் பக்கத்து மேல் விளிம்பைச் சற்றே இழைத்துச் சரிவாக்காவிட்டால், ஏறும் கதவு நிலையின் தலையில் இடிக்கும். இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்து வாங்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கதவு சாத்துவதற்குப் பதிலாகத் திறந்துகொண்டே இருக்கும்.

ஸ்பிரிங் தரும் வேகம்

கொசுவலைக் கதவுகளில் நாம் பெரும்பாலும் பார்ப்பது ஸ்பிரிங். மலிவானது; அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஆனால் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. சுருள் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு இழுக்கும். அதாவது, கதவு அகலத் திறந்திருக்கும்போது இழுப்பு மிக அதிகம். தாழ் விழ வேண்டிய இடத்தில் மிகக் குறைவு. வேண்டியதோ இதற்கு நேரெதிர். அதனால்தான் மூடிய நிலையிலேயே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பொருத்துகிறார்கள். ஸ்பிரிங் கீலில் ஒரு கம்பியைச் செருகி முறுக்கேற்றி, ஊசியைப் போட்டு நிறுத்துவதும் இதற்காகத்தான்.

முறுக்கேற்றினால் தாழ் விழும். கூடவே கதவும் அறையும். ஸ்பிரிங்கில் 10 ஜூல் சேமித்து, 30 கிலோ கதவை அப்படியே விட்டால், அதன் வெளிவிளிம்பு வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நிலையில் மோதும். ஒரு மனிதர் நடக்கும் வேகம் அது. சேமித்த சக்தி முழுவதும் சத்தமாகவும் அதிர்வாகவும் அந்த ஒரே கணத்தில் கொட்டுகிறது. நிலையின் ஓரத்தில் பூச்சு விரிசல் விடுவதும் கீலின் திருகாணிகள் தளர்வதும் இதனால்தான்.

அதைவிட முக்கியமானது விரல். கதவிடுக்கு என்றதும் கைப்பிடிப் பக்கம்தான் நினைவுக்கு வரும். கீல் பக்கம் அதைவிடக் கொடியது. கைப்பிடி அருகே இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசையோடு மூடும் கதவு, கீலிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் மாட்டிய விரலை 160 கிலோ எடைக்குச் சமமாக நசுக்கும். 80 சென்டிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ள நெம்புகோல் விகிதம் அது. நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும் குழந்தையின் கை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடு இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை மட்டும் கனமான மரக்கதவில் மாட்டவே கூடாது. கீல் இடுக்கை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதையும் சேர்த்து ஒட்டிவிடுவது நல்லது.

எண்ணெயின் நிதானம்

ஸ்பிரிங்கின் அவசரத்தை அடக்கியது எண்ணெய். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றை அடைத்த உருளையைக் கொண்டு கதவின் வேகத்தைத் தடுக்கும் கருவிகள் வந்தன. பிறகு காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்தது. இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் கதவின் தலையில் உட்கார்ந்திருக்கும் செவ்வகப் பெட்டி, ‘டோர் க்ளோசர்’, அந்த வழியில் வந்தது.

அந்தப் பெட்டியைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஓர் உருளைக்குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன், அதன் பின்னால் தடித்த சுருள், மிச்ச இடமெல்லாம் எண்ணெய். பிஸ்டனின் ஒரு பக்கத்தில் பற்கள் வெட்டியிருக்கும். மேலே தெரியும் மடக்குக் கையின் அச்சில் ஒரு சிறு பற்சக்கரம் அந்தப் பற்களில் பொருந்தியிருக்கும். கதவைத் திறந்தால் சக்கரம் சுழன்று பிஸ்டனைத் தள்ளும், சுருள் ஒடுங்கும். அப்போது எண்ணெய் ஓர் ஒருவழி வால்வு வழியே தடையின்றி மறுபக்கம் போய்விடும். கையை விட்டதும் சுருள் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். ஆனால் ஒருவழி வால்வு அடைத்துக்கொள்ளும். எண்ணெய் திரும்பிவர ஊசித்துளை போன்ற குறுகிய வழிதான் மிச்சம். கெட்டியான மருந்தை மெல்லிய சிரிஞ்சில் அழுத்துவது போல, எவ்வளவு வேகமாகத் தள்ளப் பார்க்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. சேமித்த சக்தி மோதலாக வெடிக்காமல், துளையில் உரசும் எண்ணெயில் வெப்பமாகக் கரைகிறது.

இந்தக் கருவியின் சிறப்பே அந்தத் துளை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்பதுதான். கதவு ஏறத்தாழ 15 டிகிரி வரும்வரை ஒரு துளை வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதன் பிறகு பிஸ்டன் நகர்ந்து வேறொரு துளையைத் திறந்துவிடுகிறது. கடைசி நீட்டத்தின் வேகம் அதன் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனித் திருகு. எனவே நீண்ட வழியெல்லாம் மெதுவாக வந்து, கடைசி அங்குலத்தில் மட்டும் சுறுசுறுப்பாகத் தாழைத் தள்ளும்படி வைக்க முடிகிறது. ஒன்றோடொன்று மோதிய இரண்டு தேவைகளும் இங்கே இரண்டு திருகுகளாகப் பிரிந்து தீர்வு கண்டன. சில கருவிகளில் மூன்றாவது திருகும் உண்டு. காற்றடித்துக் கதவு மறுபக்கச் சுவரில் மோதாமல் அது தடுக்கும்.

இந்தத் திருகுகளை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. வலப்பக்கம் திருப்பினால் துளை இறுகி வேகம் குறையும். இடப்பக்கம் திருப்பினால் கூடும். வேகம் வேண்டுமென்று இடப்பக்கமே சுற்றிக்கொண்டு போனால் திருகு கழன்று எண்ணெய் பீச்சியடிக்கும். அதன் பிறகு அந்தக் கருவியை மாற்றத்தான் வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகும் என்பதையும் மறக்கக் கூடாது. மார்கழிக் காலையில் சரியாக வைத்த வேகம், சித்திரை வெயிலில் கூடிவிடலாம்.

எண்ணெய்க் கருவியிலும் கடைசி அங்குலத்துக்கு ஓர் எதிரி உண்டு. ஜன்னல்களை இறுக மூடிய ஏ.சி. அறைக்குள் கதவு சாத்தும்போது, அது தள்ளும் காற்றுக்குப் போக வழியில்லை. அறைக்குள் அழுத்தம் கூடிக் கதவை நிறுத்திவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துச் சோதித்தபோது ஒழுங்காக மூடிய கதவு, ஏ.சி. போட்டதும் அரைகுறையாக நிற்பதற்கு இதுவே காரணம். எனவே அறையை எப்படிப் பயன்படுத்துவோமோ அப்படி வைத்துத்தான் வேகத்தைத் திருத்த வேண்டும்.

கதவு யாரைத் தள்ளுகிறது?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் புரூனோ லத்தூர், 1988இல் இந்தச் சிறு கருவியைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கதவைச் சாத்தும் கடமையை மனிதரிடமிருந்து எடுத்து ஒரு பொருளிடம் கொடுக்கிறோம். அந்தப் பொருள் பதிலுக்கு நம்மிடம் சிலவற்றைக் கோருகிறது என்பது அவர் வாதம். இறுக்கமான கருவி குழந்தைகளையும் முதியவர்களையும் கையில் சுமையோடு வருபவர்களையும் வெளியே நிறுத்துகிறது. சக்தி திறப்பவரின் கையிலிருந்து வருகிறது என்ற இயற்பியல் உண்மையின் மறுபக்கம் இது. எல்லோருடைய கையிலும் ஒரே வலு இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க விதிகள் இதை எண்களில் எழுதிவைத்திருக்கின்றன. கட்டடத்துக்குள் உள்ள சாதாரணக் கதவைத் திறக்க 22 நியூட்டனுக்கு மேல், அதாவது இரண்டேகால் கிலோ எடை அளவுக்கு மேல், விசை தேவைப்படக் கூடாது. 90 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை மூட ஐந்து வினாடியாவது ஆக வேண்டும். ஊன்றுகோலோடு நடப்பவர் கடந்துபோக அந்த நேரம் வேண்டும். ஐரோப்பியத் தரவிதி க்ளோசர்களை 1 முதல் 7 வரை வலிமை வாரியாகப் பிரிக்கிறது. 3ஆம் எண், 95 சென்டிமீட்டர் அகலமும் 60 கிலோ எடையும் வரையுள்ள கதவுக்கு. வீட்டு அறைக் கதவு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ‘பெரியதாகவே போட்டுவிடுவோம்’ என்று 5ஆம் எண்ணைப் பொருத்தினால், ஒவ்வொரு முறையும் பாட்டியின் தோள்தான் அதற்கு விலை கொடுக்கும்.

புகைக்கு முன்னால்

இதுவரை சொன்னவை வசதி சார்ந்தவை. உயிர் சார்ந்த ஒன்று இருக்கிறது.

2022 ஜனவரி 9ஆம் தேதி, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் அறையைச் சூடாக்கும் மின்கருவியிலிருந்து தீப்பிடித்தது. நெருப்பு பெரும்பாலும் அந்த வீட்டையும் அதன் வெளி நடையையும் தாண்டவில்லை. தாண்டியது புகை. வீட்டில் இருந்தவர்கள் தப்பி ஓடியபோது கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளவில்லை. 15ஆம் தளத்தில் படிக்கட்டுக் கதவும் திறந்திருந்தது. புகை படிக்கட்டு வழியே மேலேறியது. எட்டுக் குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அந்தக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஏற்கனவே இருந்தது.

லண்டனில் 2017இல் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீயில், வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளே நெருப்பைப் பரப்பின. ஆனாலும் 2019இல் வந்த விசாரணை அறிக்கை கதவுகளையும் தனியே சுட்டியது. அடுக்குமாடிகளின் தீக்கதவுகளில் தானாகச் சாத்தும் கருவி வேலை செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஒரு சாதாரண மரக்கதவு இவ்வளவு செய்யுமா? அமெரிக்காவின் யு.எல். தீப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வீடுகளை எரித்துப் பார்த்த சோதனைகளில், கதவு திறந்திருந்த அறையில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, சாத்தியிருந்த அறையில் 38 டிகிரியை ஒட்டியே இருந்தது. கதவு நெருப்புக்குப் போகும் காற்றைத் தடுக்கிறது. புகை வரும் வழியையும் அடைக்கிறது. ஓடும் மனிதருக்குத் திரும்பி நின்று கதவைச் சாத்த நினைவிருக்காது. அந்த நினைவு கதவிடம்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர் அடுக்குமாடிகளிலும் படிக்கட்டு முகப்பில் கனமான தீக்கதவும் அதன் தலையில் க்ளோசரும் இருக்கின்றன. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு செங்கல்லோ பூந்தொட்டியோ பெயின்ட் வாளியோ முட்டுக் கொடுத்திருப்பதையும் தளத்துக்குத் தளம் பார்க்கிறோம். காற்று வரட்டும், போகவர வசதியாக இருக்கட்டும் என்று வைக்கிறார்கள். திறந்தே இருக்க வேண்டிய இடம் என்றால் அதற்கு நேர்மையான வழி உண்டு. சுவரில் ஒரு மின்காந்தம் கதவைப் பிடித்திருக்கும். தீ எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் நின்றாலோ பிடியை விட்டுவிடும். க்ளோசர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். செங்கல்லுக்கு இந்த அறிவு கிடையாது. குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் யாராவது இதைப் பேச வேண்டும்.

எந்தக் கதவுக்கு எது?

லேசான கொசுவலைக் கதவுக்கு மெல்லிய ஸ்பிரிங்கும், நிலையில் ஒரு பஞ்சு அல்லது ரப்பர் பட்டையும் போதும். அடிக்கடி காற்று வீசாத உள்ளறைக்கு ரைசிங் பட் கீல் சத்தமில்லாமல் வேலை செய்யும். ஏ.சி. அறைக்கும் சமையலறைக்கும் எண்ணெய் க்ளோசர் நல்லது. வாசல் கதவில் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு இருந்தால், பால் எடுக்க வெளியே வந்தவர் வெளியிலும், குழந்தையும் அடுப்பில் இருக்கும் பாலும் உள்ளேயும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அங்கே முதலில் பூட்டை மாற்றிவிட்டுப் பிறகு க்ளோசரைப் பற்றி நினைக்கலாம்.

எதை மாட்டினாலும் சோதனை ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல்குள வேலிக் கதவுகளுக்கு விதித்திருக்கும் நிபந்தனை இதற்கு நல்ல அளவுகோல்: எந்த நிலையில் விட்டாலும் கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். அகலத் திறந்து விட்டால் பெரும்பாலான கதவுகள் வேகம் பிடித்து மூடிவிடும். அது சோதனையே அல்ல. தாழின் நாக்கு நிலையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஒருக்களித்து வைத்துக் கையை எடுங்கள். அங்கிருந்து ‘க்ளிக்’ என்று விழுந்தால் கதவு சரியாக இருக்கிறது. விழவில்லையென்றால் கீலுக்கு எண்ணெய் விட்டு, க்ளோசர் என்றால் கடைசி வேகத் திருகைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பி, மறுபடியும் பாருங்கள்.